ஐஸ்பெட்டியிலிருந்து பிரிஜ் வரை: குளிர் கற்றுத்தந்த பாடம்



சென்ற மாதம் எமது வானொலியில் நான் ஆற்றிய உரையை எழுத்தில் தரும்படி சிலர் கேட்டிருந்தீர்கள். நேரம் போதாமல் அன்று விட்டுப்போன சில விடயங்களையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். விடயம் வேறொன்றுமில்லை, எல்லோர் வீட்டுக் குசினியிலும் நிற்கிற குளிர்சாதனப் பெட்டிதான். இதில் சரித்திரம் பேச என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் வீட்டில் நடந்த ஒரு சம்பவம்தான் என்னைத் தேடிப் படிக்க வைத்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எட்டு ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு ஜனவரி மாதம். பேரனுக்கு மூன்று வயது முடிந்த பிறந்தநாள். இந்த நாட்டில் ஜனவரி என்றால் எப்படி வெயில் எறிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நாற்பது பேருக்கு மரக்கறிச் சோறு சமைத்தோம். பிற்பகல் மூன்று மணிக்கு அடுப்பிலிருந்து இறக்கிய பெரிய பானை, கடைசி விருந்தாளி போகும்போதும் குசினி மேசையில்தான் இருந்தது. அரைவாசிச் சோறு மிச்சம். "சூட்டோட வச்சா பிரிஜ் பழுதாப்போயிடும், நல்லா ஆறட்டும்" என்றார் மனைவி. நானும் ஓம் என்றேன். நள்ளிரவு தாண்டித்தான் பானையை அப்படியே தூக்கி உள்ளே வைத்தேன். அடுத்த நாள் மத்தியானம் நன்றாகச் சூடாக்கிச் சாப்பிட்டோம். நான்கு மணிக்குள் மூன்று பேர் வாந்தி எடுத்தோம். பெரியவர்கள் இருவரும் தாங்கிக்கொண்டோம். பேரனை வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் சேலைன் ஏற்ற வேண்டி வந்தது.

"பிரிஜ்ஜுக்குள்ள வச்ச சோறுதானே, அதுக்கு என்ன வரப்போகுது?" என்று மனைவி திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். பேரனைப் பார்த்த வைத்தியர் என்னிடம் இரண்டு கேள்விகள் மட்டும் கேட்டார். எத்தனை மணிக்குச் சமைத்தீர்கள்? எத்தனை மணிக்கு உள்ளே வைத்தீர்கள்? நான் யாழ்ப்பாணத்தில் இருபது வருடத்துக்கு மேல் பௌதிகம் படிப்பித்தவன். ஆவியாதலின் மறைவெப்பம், வெப்பக் கடத்தல் எல்லாம் கரும்பலகையில் எழுதி எழுதிக் கை தேய்ந்தவன். அந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லும்போது எனக்கு நாக்கு எழும்பவில்லை. மகள் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பேரன் அடுத்த நாளே தேறிவிட்டான். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பெட்டிக்குள் வைத்த உணவு ஏன் பழுதாகியது? அதைத் தேடிப்போனபோது, நாங்கள் வந்து குடியேறிய இந்த அவுஸ்திரேலியாவே அந்தக் கேள்வியோடு நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னர் மல்லுக்கட்டிய நாடு என்பது தெரியவந்தது.

இயந்திரங்களுக்கு முன்னர் குளிர் என்பது ஏரிகளிலிருந்து வெட்டி எடுத்த பனிக்கட்டிதான். அமெரிக்காவின் பொஸ்டன் நகரைச் சேர்ந்த பிரெடரிக் ரியூடர் என்ற வியாபாரி, குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை அறுத்து, கட்டிகளை மரத்தூளில் பொதிந்து, பாய்க்கப்பல்களில் வெப்ப நாடுகளுக்கு அனுப்பினார். 1833ல் அவருடைய முதல் பனிக்கட்டிக் கப்பல் கல்கத்தாவுக்குப் போனது. நான்கு மாதப் பயணம். ஏற்றிய 180 தொன்னில் ஏறத்தாழ 100 தொன் கரையாமல் போய்ச் சேர்ந்தது. மதராஸ் கடற்கரையில் இந்த வியாபாரத்துக்கென்று 1842ல் ஒரு களஞ்சியம் கட்டினார்கள். அதுதான் ஐஸ்ஹவுஸ். 1897ல் சுவாமி விவேகானந்தர் மேற்கு நாடுகளிலிருந்து திரும்பியபோது தங்கிய வீடும் அதுவே. இன்று விவேகானந்தர் இல்லம் என்ற பெயரில் நிற்கிறது. சென்னைக்குப் போனால் பலர் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பொஸ்டன் ஏரித் தண்ணீர் கட்டி கட்டியாக அங்கே அடுக்கப்பட்டிருந்தது என்பதை எத்தனை பேர் அறிவோம்?

அதே அமெரிக்கப் பனிக்கட்டி கப்பலேறி அவுஸ்திரேலியாவுக்கும் வந்தது. அதைத் தன் ஊரிலேயே செய்ய முடியாதா என்று யோசித்தவர் ஒரு பத்திரிகைக்காரர். பெயர் ஜேம்ஸ் ஹரிசன். 1816ல் ஸ்கொட்லாந்தில் பிறந்து, அச்சுத்தொழில் பழகி, 1837ல் சிட்னிக்கு வந்தவர். பின்னர் மெல்பேர்ணிலிருந்து சுமார் 75 கிலோமீற்றர் தூரத்தில் உள்ள ஜீலோங் நகரில் 'ஜீலோங் அட்வடைசர்' பத்திரிகையை நடத்தினார். அச்சு எழுத்துக்களை ஈதர் என்ற திரவத்தால் துடைத்துச் சுத்தம் செய்யும்போது, ஈதர் ஆவியாகிப் போக உலோகம் சில்லென்று குளிர்வதை அவர் கவனித்தார் என்று சொல்வார்கள்.

அந்தக் கவனிப்புக்குள்ளேதான் இன்றைய குளிர்சாதனப் பெட்டி முழுவதும் இருக்கிறது. ஒரு திரவம் ஆவியாகும்போது தன்னைச் சுற்றியுள்ள சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அந்த ஆவியைப் பிடித்து அமுக்கினால் அது மீண்டும் திரவமாகி, எடுத்த சூட்டை வெளியே விடும். திரும்பவும் ஆவியாக்கலாம், திரும்பவும் அமுக்கலாம். ஹரிசன் ஜீலோங்கில் பார்வன் ஆற்றங்கரையில் 1850களின் தொடக்கத்தில் இந்த முறையில் பனிக்கட்டி செய்தார். 1856ல் லண்டனுக்குப் போய்க் காப்புரிமை பெற்றார். அதே ஆற்றின் மேலுள்ள ஒரு பாலம் இன்றும் அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது. உங்கள் பிரிஜ்ஜின் பின்பக்கம் கையை வைத்துப் பாருங்கள், சுடும். உள்ளே இருந்த உங்கள் குழம்பின் சூடுதான் அங்கே வெளியேறிக்கொண்டிருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். குளிர் என்று ஒரு பொருள் கிடையாது. பெட்டி உணவுக்குள் குளிரைப் போடுவதில்லை, உணவிலிருந்து சூட்டை வெளியே எடுக்கிறது. எடுப்பதற்கு நேரம் வேண்டும். என் பானையின் கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்தத் தத்துவம் எங்கள் ஆட்களுக்குத் தெரியாததல்ல. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத வருடங்களில், அப்பாவின் இன்சுலின் மருந்தை ஈர மணல் நிரப்பிய மண்முட்டிக்குள் புதைத்து வைத்திருந்தோம். காலையும் மாலையும் மணலை நனைப்பது என் வேலை. மேற்கு அவுஸ்திரேலியாவின் கூல்கார்டி தங்க வயல்களில் 1890களில் இதே வேலையைச் செய்த ஒரு பெட்டி பிரபலமானது. ஆர்தர் மக்கோர்மிக் என்பவர் செய்தது. மரச்சட்டத்தைச் சுற்றிச் சாக்குத் துணி. மேலே ஒரு தட்டில் தண்ணீர். தண்ணீர் சாக்கில் ஊறி, பாலைவனக் காற்றில் ஆவியாக, உள்ளே வைத்த வெண்ணெயும் இறைச்சியும் வெளியைவிடக் குளிர்ந்திருக்கும். கூல்கார்டிப் பெட்டி என்று அதற்குப் பெயர். அதைப் பற்றி முதலில் படித்தபோது அப்பாவின் மண்முட்டிதான் என் கண்ணுக்குள் வந்தது.

இனி ஹரிசனின் துயரக் கதைக்கு வருவோம். அந்த நாளில் அவுஸ்திரேலியாவில் ஆடும் மாடும் ஏராளம், சாப்பிட ஆட்கள் குறைவு. இங்கிலாந்தில் ஆட்கள் ஏராளம், இறைச்சிக்குத் தட்டுப்பாடு. இடையில் பூமத்திய ரேகையைத் தாண்டும் இரண்டு மூன்று மாதக் கடல் பயணம். 1873ல் மெல்பேர்ண் கண்காட்சியில், மாதக்கணக்கில் உறைய வைத்த இறைச்சி கெடாமல் இருப்பதை ஹரிசன் காட்டித் தங்கப் பதக்கம் பெற்றார். அதே ஆண்டில் 'நோர்போக்' என்ற கப்பலில் தொன் கணக்கான இறைச்சியை லண்டனுக்கு அனுப்பினார். ஆனால் கப்பலில் குளிரூட்டும் இயந்திரத்தைப் பூட்டவில்லை. இங்கேயே உறைய வைத்து, பனிக்கட்டியை நிரப்பி அனுப்பினால் போதும் என்று நம்பினார். பனிக்கட்டி கணக்குப் போட்டதைவிட வேகமாகத் தீர்ந்துவிட்டது. இறைச்சி முழுவதும் நாசம். ஹரிசன் பெரும் நட்டப்பட்டு மீண்டும் பத்திரிகை எழுத்துக்கே திரும்பினார். 1893ல் ஜீலோங்குக்கு அருகே காலமானார்.

சிட்னியில் தோமஸ் மோர்ட் என்ற வர்த்தகரும் இதே முயற்சியில் பெரும் பணத்தைக் கொட்டினார். 1876ல் அவர் 'நோர்தாம்' கப்பலில் பூட்டிய இயந்திரம் புறப்படும் முன்பே பழுதாகி, ஏற்றிய இறைச்சியை இறக்க வேண்டியதாயிற்று. இரண்டு ஆண்டுகளில் மோர்ட் இறந்துபோனார். கடைசியில் 1879 டிசம்பரில் மெல்பேர்ணிலிருந்து புறப்பட்ட 'ஸ்ட்ராத்லெவன்' கப்பல், ஓடும் வழியெல்லாம் இயங்கும் இயந்திரத்தோடு போய், 1880 பெப்ரவரி தொடக்கத்தில் லண்டனில் நல்ல இறைச்சியை இறக்கியது. வித்தியாசம் என்ன? ஹரிசன் புறப்படும்போது இருந்த குளிரை நம்பினார். 'ஸ்ட்ராத்லெவன்' வழியெல்லாம் குளிரைக் காத்தது.

இரண்டு வருடம் கழித்து நியூசிலாந்திலிருந்து 'டனீடின்' என்ற பாய்க்கப்பல் சுமார் ஐயாயிரம் ஆட்டிறைச்சி உடல்களோடு 1882 பெப்ரவரியில் புறப்பட்டது. வெப்பக் கடலில் காற்று அடங்கிக் கப்பல் நகராமல் நின்றபோது, களஞ்சியத்துக்குள் குளிர்காற்று சரியாகச் சுற்றவில்லை என்பதைக் கப்பற் தலைவர் விற்சன் கண்டுபிடித்தார். காற்றுப் போக வழி வெட்டுவதற்கு அவரே குழாய்க்குள் ஊர்ந்து போனார். குளிரில் விறைத்து மயங்கிக் கிடந்தவரைக் கயிறு போட்டு வெளியே இழுத்து உயிர்ப்பித்தார்கள். லண்டனில் இறக்கியபோது பழுதென்று கழித்தது ஒரேயொரு உடல்தான்.

இந்தக் கதையைப் படித்த அன்று எழும்பிப் போய் எங்கள் பிரிஜ்ஜைத் திறந்து பார்த்தேன். சாம்பார்ச் சட்டி, பால், தயிர், கடையில் வாங்கிய கீரைக்கட்டு, போன கிழமைப் பாயாசம், ஒன்றின்மேல் ஒன்று ஏறி, காற்றுப் போக ஒரு விரல் இடைவெளி இல்லை. காற்றோட்டத்துக்காக ஒரு மனிதன் உயிரைப் பணயம் வைத்திருக்கிறான். நாங்கள் பணம் கொடுத்து வாங்கிய பெட்டியில் அதே வழியை அடைத்து வைத்திருக்கிறோம்.

வீடுகளுக்குக் குளிர் வந்த கதையும் சுவாரசியமானது. முதலில் வந்தது ஐஸ்பெட்டி. மரப்பெட்டியின் மேல்தட்டில் பனிக்கட்டி, கீழ்த்தட்டில் உணவு. பனிக்கட்டிக்காரர் தோளில் சாக்குப் போட்டுக் கட்டியைச் சுமந்து வீடு வீடாக வருவார். இங்குள்ள வயதான வெள்ளைக்காரர்களைக் கேட்டால் இன்றும் சொல்வார்கள். சிட்னியில் எட்வர்ட் ஹோல்ஸ்ட்ரோம் என்பவர் 1923 அளவில் மண்ணெண்ணெய்யில் இயங்கும் பெட்டி செய்து, மின்சாரம் எட்டாத பண்ணை வீடுகளுக்கு விற்றார். 1935ல் வந்த அவருடைய 'சைலன்ற் நைற்' பெட்டி நாடெங்கும் பரவியது.

சூடான உணவை உள்ளே வைக்கக்கூடாது என்ற பேச்சு அந்த ஐஸ்பெட்டிக் காலத்துக்குப் பொருத்தமானது. சூட்டோடு வைத்தால் பனிக்கட்டி உருகிவிடும். அன்றைக்குக் காசு கொடுத்து வாங்கிய கட்டி தண்ணீராக ஓடிவிடும். ஆரம்பகாலச் சிறு இயந்திரங்களுக்கும் அந்தச் சூடு பெரும் பாரம். பெட்டி மாறிப் பல தலைமுறை கடந்தும் அந்த விதி மட்டும் வீட்டுக்கு வீடு வாழ்ந்துகொண்டிருக்கிறது. என் மனைவி சொன்னதும், நான் தலையாட்டியதும் அதைத்தான்.

ஆரம்பகாலப் பெட்டிகளில் வேறொரு ஆபத்தும் இருந்தது. உள்ளே ஓடிய வாயுக்கள் நச்சுத்தன்மை கொண்டவை. ஒழுகினால் வீட்டிலுள்ளவர்களின் உயிருக்கே ஆபத்து. ஐன்ஸ்டைனும் சிலார்ட் என்ற விஞ்ஞானியும் சேர்ந்து, ஒழுகாத பெட்டி ஒன்றுக்கு 1930ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள் என்றால் அந்தப் பிரச்சினை எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்று பாருங்கள். பின்னர் 'பிரெயோன்' என்ற நஞ்சற்ற வாயு வந்தது. அது ஓசோன் படலத்தைத் தின்கிறது என்பது தெரியவந்ததும், 1987 மொன்றியல் உடன்படிக்கையின் பின் அதையும் படிப்படியாகக் கைவிட்டார்கள். பெட்டியால் வரும் ஆபத்தை விஞ்ஞானம் இப்படிக் குறைத்துவிட்டது. நாங்கள் பெட்டியைப் பாவிக்கும் விதத்தால் வரும் ஆபத்துத்தான் மிச்சம்.

அந்த ஆபத்து என்ன என்பதை நோர்வே நாட்டு ஆய்வாளர் ஸ்ரைனார் ஹோகே காட்டினார். ஒஸ்லோவில் வைத்தியசாலைகளில் வனிலாச் சாறு சாப்பிட்ட பலருக்கு வயிற்றோட்டம் வந்தது. சாறு முதல் நாளே சமைத்து, அறை வெப்பத்தில் வைத்திருந்தது. அதில் 'பசிலஸ் சீரியஸ்' என்ற பக்டீரியாவைக் கண்ட ஹோகே, அதை வளர்த்த சாற்றைத் தானே குடித்து, தனக்கும் நோய் வருவதைப் பதிவுசெய்து 1955ல் வெளியிட்டார். 1970களின் தொடக்கத்தில் பிரித்தானியாவில் சீன உணவகங்களின் பொரித்த சோற்றைச் சாப்பிட்டவர்கள் சில மணித்தியாலத்தில் வாந்தி எடுத்தபோது, அங்கேயும் இதே பக்டீரியாதான் அகப்பட்டது. சோற்றைப் பெரிய அளவில் அவித்து, வெளியே ஆறவிட்டு, பிறகு பொரித்தார்கள்.

அரிசியில் இந்தப் பக்டீரியாவின் வித்திகள் இயல்பாகவே இருக்கும். கொதிக்கும் தண்ணீரிலும் அவை சாவதில்லை. சோறு இளஞ்சூட்டில் கிடக்கும்போது முளைத்துப் பெருகி ஒரு நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. நாங்கள் அடுத்த நாள் மத்தியானம் 'நன்றாகச் சூடாக்கி' சாப்பிட்டதில் பயன் இல்லாமல் போனது இதனால்தான். பேரனின் வயிற்றுக்குள் போன நஞ்சு, பானை மேசையில் இருந்த நேரத்திலும், பிறகு உள்ளே வைத்தும் ஆறாமல் கிடந்த நேரத்திலும் உண்டானது.

"உள்ளே வைத்தும் ஆறாமல்" என்று நான் சும்மா சொல்லவில்லை. ஒரு வெப்பமானி வாங்கிப் பரிசோதித்துப் பார்த்தேன். அதே பானையில் அதே அளவு சோற்றைச் சூட்டோடு உள்ளே வைத்து, ஆறு மணித்தியாலம் கழித்து நடுவில் வெப்பமானியைக் குத்தினேன். 34 பாகை காட்டியது. எங்கள் ஊர் நிழல் வெக்கை. பிறகு அதே அளவு சோற்றைத் தட்டையான தட்டங்களில் இரண்டு விரல் கனத்துக்குப் பரவி வைத்தேன். நான்கு மணித்தியாலத்துக்குள் 10 பாகைக்குக் கீழே வந்துவிட்டது. பெட்டி ஒன்றுதான், சோறும் ஒன்றுதான். நடுவிலுள்ள சூடு வெளியே வர எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதுதான் வித்தியாசம். மாணவர்களுக்கு எத்தனையோ தடவை படிப்பித்த பாடம். என் குசினியில் மட்டும் நான் அதைப் படிக்கவில்லை.

ஊரில் நாங்கள் பழஞ்சோறும் சாப்பிட்டோம், முதல்நாள் மீன்குழம்பைச் சுண்டவைத்தும் சாப்பிட்டோமே என்று சிலர் கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் அங்கே காலையில் பிடித்த மீன் மத்தியானம் சட்டிக்குள். புளி சேர்த்த குழம்பு. சமைப்பதே அளவோடு. மிச்சத்தை இரவும் காலையும் கொதிக்க வைப்பார்கள். அப்படியிருந்தும் வயிற்றோட்டம் வந்தவர்கள் இருந்தார்கள், அதை நாங்கள் கண்ணூறு என்றும் வெக்கை என்றும் சொல்லிக் கடந்தோம். இங்கே நாற்பது பேருக்கு ஒரே பானையில் சமைத்து, மிச்சத்தை ஒரு கிழமைக்கு வைத்துச் சாப்பிடுகிறோம். அந்த ஊர்ப் பழக்கம் இந்தப் பழக்கத்துக்குச் சாட்சி சொல்லாது.

குளிரைப் பற்றி இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு, அது கிருமிகளைக் கொன்றுவிடும் என்பது. 1981ல் கனடாவின் கிழக்குக் கரை மாகாணங்களில் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் நோயுற்றார்கள். மொத்தம் 41 பேர். அவர்களில் 34 நோயாளர் கர்ப்பத்தோடும் பிரசவத்தோடும் சம்பந்தப்பட்டவர்கள். காரணம் கோவாச் சலாது. கோவாவை மாரி முழுவதும் குளிர்க்களஞ்சியத்தில் வைத்திருந்தார்கள். 'லிஸ்டீரியா' என்ற பக்டீரியா அந்தக் குளிரிலேயே மெல்ல மெல்லப் பெருகியது. இங்கே 2018ல் றொக்மெலன் பழத்தால் வந்ததும் அதே லிஸ்டீரியாதான், 22 பேர் நோயுற்று 7 பேர் இறந்தார்கள். ஆகவே வீட்டில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணோ வயதானவரோ இருந்தால், வெட்டிய பழத்தையும் சமைத்த மிச்சத்தையும் நாட்கணக்கில் உள்ளே வைத்துக் கொடுக்காதீர்கள்.

உறைபெட்டியும் அப்படித்தான். கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர் 1912 முதல் சில ஆண்டுகள் கனடாவின் லப்ரடோர் பகுதியில் இருந்தபோது, அங்குள்ள இனுயிட் மக்கள் பிடித்த மீன் கடும் குளிர்காற்றில் உடனே உறைவதையும், மாதங்கள் கழித்து உருக்கினாலும் புதுமீன் போல இருப்பதையும் கண்டார். மெல்ல உறைந்தால் பெரிய பனிப்பளிங்குகள் உண்டாகித் தசையைக் கிழிக்கும். விரைவில் உறைந்தால் பளிங்குகள் சிறியவை, தசை தப்பும். அவருடைய முறையில் உறைந்த உணவு 1930 மார்ச் 6ஆம் திகதி அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரக் கடைகளில் விற்பனைக்கு வந்தது. இன்று எங்கள் தமிழ்க் கடைகளில் உறைந்த தேங்காய்ப்பூவும் முருங்கைக்காயும் பாரை மீனும் கிடைப்பது அந்தத் தொடர்ச்சியில்தான். ஆனால் உறைநிலையில் பக்டீரியா சாவதில்லை, உறங்குகிறது. மீனை வெளியே எடுத்து மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனால், நாங்கள் திரும்பி வருமுன் அது எழும்பிவிடும்.

இத்தனை சரித்திரமும் எனக்குச் சொன்னது ஒன்றுதான். குளிர் உணவைச் சுத்தம் செய்வதில்லை, கெட்டதை நல்லதாக்குவதும் இல்லை. எங்களுக்குக் கொஞ்சம் நேரம் வாங்கித் தருகிறது, அவ்வளவுதான். அந்த நேரம் எப்போது தொடங்குகிறது, எவ்வளவு மிச்சம் என்பதை நாங்கள்தான் கணக்கு வைத்திருக்க வேண்டும். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். இவை இந்த நாட்டு உணவுப் பாதுகாப்பு அறிவுரைகளோடு ஒத்தவை.

பிரிஜ்ஜுக்குள் ஒரு சிறு வெப்பமானி தொங்குகிறது. 5 பாகைக்கு மேல் போகக்கூடாது. உறைபெட்டி மறை 15 முதல் மறை 18 பாகைக்குள் இருக்க வேண்டும். சமைத்த உணவின் ஆவி பறப்பது நின்றவுடன், தட்டையான சிறு பாத்திரங்களில் பிரித்து உள்ளே வைக்கிறோம். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் உணவு கிடந்த நேரம் மொத்தம் இரண்டு மணித்தியாலத்துக்குள் என்றால் உள்ளே வைக்கலாம். இரண்டு முதல் நான்கு என்றால் அப்போதே சாப்பிட வேண்டும், எடுத்து வைக்கக்கூடாது. நான்கைத் தாண்டினால் குப்பைக்கு. மணந்து பார்த்துத் தீர்மானிக்க முடியாது, எங்கள் சோறு நல்ல வாசமாகத்தான் இருந்தது. மிச்சம் வைத்ததை இரண்டு மூன்று நாளுக்குள் முடிக்கிறோம், சூடாக்கும்போது நடுவிலும் 75 பாகை வரும்வரை சூடாக்குகிறோம். பச்சை மீனும் இறைச்சியும் கீழ்த்தட்டில், மூடிய பாத்திரத்தில். உறைந்ததை உருக்குவது பிரிஜ்ஜுக்குள்தான், முதல் நாள் இரவே எடுத்து வைத்து. உறைபெட்டிக்குப் போகும் ஒவ்வொரு பொதியிலும் நாள் எழுதி ஒட்டுகிறோம்.

மின்வெட்டுக்கும் ஒரு சொல். 2024 பெப்ரவரி 13ஆம் திகதிப் புயலில் விக்டோரியாவில் 5 இலட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளில் மின்சாரம் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். அப்படியான நேரத்தில் கதவைத் திறக்காதீர்கள். மூடியபடி இருந்தால் பிரிஜ் ஏறத்தாழ நான்கு மணித்தியாலமும், நிறைந்த உறைபெட்டி இரண்டு நாளும், அரைவாசி நிறைந்தது ஒரு நாளும் தாங்கும். அதற்குமேல் இறாலும் இறைச்சியும் எவ்வளவு காசு கொடுத்து வாங்கியதென்றாலும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு எறிந்துவிட வேண்டும். எங்கள் சனத்துக்கு உணவை எறிவது கஷ்டம். பட்டினி பார்த்து வந்தவர்களுக்கு இன்னும் கஷ்டம். என் மனைவி இன்றும் எறியும்போது கண்ணை மூடிக்கொள்வார். அதனால் இப்போது நாற்பது பேர் வந்தாலும் பானையை அளவோடுதான் ஏற்றுகிறோம்.

பேரனுக்கு இப்போது பதினொரு வயது. எங்கள் வீட்டுக்கு வந்தால் அவனுடைய முதல் வேலை பிரிஜ்ஜைத் திறந்து வெப்பமானியைப் பார்ப்பது. "அம்மப்பா, நாலு" என்று கத்திச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவான். ஏன் அதைப் பார்க்கிறோம் என்று அவன் போன மாதம் கேட்டான். ஜேம்ஸ் ஹரிசனின் கப்பல் கதையைச் சொன்னேன். அவனுடைய மூன்றாவது பிறந்தநாள் கதையையும் சொன்னேன்.

நேயர்களே, இதைப் படித்து முடித்ததும் ஒருமுறை எழும்பிப்போய் உங்கள் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே பெரிய பானை ஏதும் இருந்தால், அது எத்தனை மணிக்கு அடுப்பால் இறங்கியது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.